காலைப் பார்த்து ஸலாம் சொல்லும் சமுதாயம்



பள்ளிப் படிப்பை முடித்த நம் பிள்ளைகளுக்கும் பட்டம் பெற்று வேலை தேடும் நம் இளைஞர்களுக்கும் வழிகாட்டும் முகாம்கள் இன்று பல ஊர்களில் நடைபெறுகின்றன. வரவேற்க வேண்டிய முயற்சி இது. அம்முகாம்களில் ஆளுமை வளர்ச்சி குறித்து உரையாற்ற வருவோர் பலர் மறவாமல் கூறும் ஓர் அறிவுரை உண்டு. மனிதர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே காலணியைப் பார்த்துவிடுகிறார்கள். ஆகவே தரமான தோல் ஷூ ஒன்று வாங்குங்கள். பளபளவெனத் துடைத்து அணியுங்கள். பிறர் உங்களை நடத்தும் விதமே மாறிவிடும் என்பதே அந்த அறிவுரை.

உண்மையில் மாறுமா? மாறும். அதை நாம் மறுக்கவில்லை. ரப்பர் செருப்புடன் வருபவரை வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கும் காவலாளி, பளபளக்கும் ஷூவுடன் வருபவருக்கு எழுந்து கதவைத் திறக்கிறார். துணிக்கடையில் ஒருவருக்கு நாற்காலியும் குளிர்பானமும் கிடைக்கின்றன. இன்னொருவருக்கு விலை உயர்ந்த துணியைப் பிரித்துக்கூடக் காட்டுவதில்லை. மருத்துவமனை வரவேற்பறையில் ஒருவர் ‘சார்’ ஆகிறார். இன்னொருவர் ‘ஏம்ப்பா’ ஆகிறார். இவையெல்லாம் நாள்தோறும் நம் கண்முன் நடப்பவைதாம்.

நம் கேள்வி வேறு. இந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒரு முஸ்லிம் சமுதாயம் என்ன செய்ய வேண்டும்? ‘எனவே நல்ல ஷூ வாங்கு’ என்று மதிக்கப்படாதவனுக்குப் பாடம் நடத்த வேண்டுமா? அல்லது காலணியைப் பார்த்து மரியாதையை அளந்து கொடுப்பவனை நிறுத்தி, ‘உன் அளவுகோல் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்க வேண்டுமா? நம் மேடைகள் முதலாவதை மட்டுமே செய்கின்றன. இரண்டாவதைச் செய்யத்தான் நமக்கு மார்க்கம் அருளப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நல்ல காலணி குற்றமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். நல்ல காலணி அணிவதை இஸ்லாம் தடுக்கவில்லை. கிழிந்த செருப்பே இறையச்சத்தின் அடையாளம் என்று எண்ணுவதும் பிழையே.

இந்தக் கேள்வி புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் திருமுன்னிலையிலேயே கேட்கப்பட்டுவிட்டது. உள்ளத்தில் அணுவளவு பெருமை உள்ளவரும் சொர்க்கம் புகமாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, ஒரு மனிதருக்கு ஐயம் எழுந்தது. தம் ஆடை அழகாக இருக்க வேண்டும், தம் காலணி அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறாரே, அதுவும் பெருமையில் சேருமா என்று கேட்டார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று விடையளித்த நபியவர்கள், பெருமை என்பது உண்மையை ஏற்க மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும்தான் என்று விளக்கினார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

இதைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கேள்வி காலணியைப் பற்றியது. விடையோ மக்களை நோக்கும் பார்வையைப் பற்றியது. அழகிய காலணிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் காலணியை அணிந்து நின்று, அது இல்லாதவரை எப்படிப் பார்க்கிறாய் என்பதில்தான் சொர்க்கமும் நரகமும் இருக்கின்றன. நம்மவர்களில் பலர் இந்த ஹதீஸின் முற்பகுதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்று ஷூக் கடையில் சொல்வார்கள். மக்களை இழிவாகக் கருதுவதே பெருமை என்னும் பிற்பகுதி, திருமண மண்டபத்தின் வாசலில் அவர்களுக்கு நினைவுக்கு வருவதில்லை.

மாலிக் பின் நள்லா (ரலி) அவர்கள் எளிய ஆடையில் வந்தபோது, உம்மிடம் செல்வம் உண்டா என்று நபியவர்கள் வினவினார்கள். ஒட்டகங்கள், ஆடுகள், குதிரைகள் எல்லாம் உண்டு என்று அவர் கூறியதும், அல்லாஹ் அளித்த அருட்கொடையின் அடையாளம் உம்மீது தெரியட்டும் என்று அறிவுறுத்தினார்கள். இதை அபூதாவூத் பதிவு செய்துள்ளது. இங்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் செல்வம் உண்டா என்ற கேள்வி. அதன் பிறகே ஆடை பற்றிய அறிவுரை. இல்லாதவனைக் கடன் வாங்கி இருப்பவனைப்போல் தோற்றமளிக்கச் சொல்ல இதில் எந்த ஆதாரமும் இல்லை.

காலணி எதைச் சொல்கிறது?

காலணியைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடலாம் என்பாரும் உளர். இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒருவர் பெரும்பாலும் அணியும் காலணியின் புகைப்படத்தை மட்டும் அறிமுகமில்லாத பிறரிடம் காட்டி, அதன் உரிமையாளரைப் பற்றி ஊகிக்கச் சொன்னார்கள். பார்த்தவர்கள் சரியாகக் கணித்தவை எவை தெரியுமா? வயது, ஆணா பெண்ணா என்பது, வருமானம், உறவுகளில் தாம் கைவிடப்படுவோமோ என்னும் உள்பதற்றம். இவ்வளவுதான். வாக்குத் தவறாதவரா, அமானிதம் பேணுபவரா, மனைவி மக்களிடம் கனிவுள்ளவரா, அண்டை வீட்டார் பசித்திருக்க உண்ணாதவரா என்பவை அப்பட்டியலில் இல்லை.

ஆக, காலணி சொல்வது பெரும்பாலும் பணப்பையின் கனத்தை. அதற்கேற்ப மரியாதையைக் கூட்டிக் குறைப்பவர் மனிதரை மதிக்கவில்லை. பணத்துக்கு ஸலாம் சொல்கிறார். உங்கள் தோற்றங்களையும் செல்வங்களையும் அல்லாஹ் பார்ப்பதில்லை, உங்கள் உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். நயவஞ்சகர்களைப் பற்றிக் குர்ஆன் பேசுமிடத்தில், அவர்களின் தோற்றம் காண்போரை வியக்க வைக்கும், அவர்கள் பேசினால் காதுகொடுத்துக் கேட்கத் தோன்றும் என்று எச்சரிக்கப்படுவதை 63ஆம் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் காணலாம். மிடுக்கான தோற்றத்தை நம்பி, சீட்டு நிறுவனத்திலும் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரிலும் வாழ்நாள் சேமிப்பை இழந்து நிற்கும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இல்லையா? ஏமாற்ற வந்தவன் என்றாவது ரப்பர் செருப்பில் வந்ததுண்டா?

மூன்று சோதனைகள்

ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சி நம் சமுதாயத்துக்காகவே நிகழ்ந்ததுபோல் இருக்கிறது. நபியவர்களைக் கடந்து ஒரு மனிதர் சென்றார். இவரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று தோழர்களிடம் கேட்டார்கள். இவர் பெண் கேட்டால் மணமுடித்துக் கொடுக்கப்படும், பரிந்துரைத்தால் ஏற்கப்படும், பேசினால் செவிமடுக்கப்படும் என்று தோழர்கள் கூறினர். பிறகு ஏழை முஸ்லிம் ஒருவர் கடந்து சென்றார். இவருக்கு அம்மூன்றும் கிடைக்காது என்றனர். முதலாமவரைப் போன்றவர்கள் பூமி நிறைய இருந்தாலும் இந்த ஏழை அவர்களைவிடச் சிறந்தவர் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

பெண் கொடுப்பது, பரிந்துரையை ஏற்பது, பேச்சைக் கேட்பது. பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் ஒரு சமுதாயம் ஒருவரை எங்கே வைத்திருக்கிறது என்பதை அறிய இம்மூன்றுமே போதும். நம் ஊர்களை இம்மூன்றாலும் அளந்து பார்ப்போம்.

முதலாவது, திருமணம். மாப்பிள்ளை பார்க்கப் போகும் வீட்டில் ஐவேளைத் தொழுகையைப் பற்றி விசாரிப்பவர் எத்தனை பேர்? வாசலில் நிற்கும் கார் எது, மாப்பிள்ளை அணிந்திருப்பது எந்தக் கம்பெனி ஷூ என்று கண்ணால் அளப்பவர் எத்தனை பேர்? இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. மாப்பிள்ளைக்கான கோட்டு, சூட்டு, ஷூ எல்லாம் பெண் வீட்டார் செலவில் என்னும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் நீடிக்கிறது. மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன், பெண்ணின் தகப்பனார் கடன்பட்டு வாங்கிக் கொடுத்த ஷூவில் கம்பீரமாக நடந்து நிக்காஹ் மேடைக்கு வருகிறான். சபையோர் அனைவரும் எழுந்து நின்று வரவேற்கிறார்கள். அந்தத் தகப்பனாரின் தேய்ந்த செருப்பைப் பார்ப்பார் யாருமில்லை.

இரண்டாவது, பரிந்துரை. கல்லூரி இடத்துக்கோ மருத்துவ உதவிக்கோ ஜமாஅத்தின் கடிதம் கேட்டு வருபவர் யார் என்பதைப் பொறுத்தே பல இடங்களில் கையெழுத்தின் வேகம் அமைகிறது. ஒருவருக்கு வீடு தேடிக் கடிதம் வருகிறது. இன்னொருவர் ‘செயலாளர் வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற சொல்லைக் கேட்டு மாதக்கணக்கில் நடக்கிறார்.

மூன்றாவது, பேச்சு. மஹல்லாவின் பொதுக்கூட்டத்தில் கணக்கைப் பற்றி ஒரே கேள்வியை இருவர் கேட்கிறார்கள் என்று கொள்வோம். தொழிலதிபர் கேட்டால் அது ‘நல்ல ஆலோசனை’. மீன் வியாபாரி கேட்டால் அது ‘குழப்பம் விளைவித்தல்’. கேள்வி ஒன்றே, கால்கள்தாம் வேறு.

இவ்வாறு முகம் திருப்புவதைக் குர்ஆன் எப்படிக் கண்டித்தது என்பதை ‘அபஸ’ அத்தியாயம் அறிந்த அனைவரும் அறிவோம். குறைஷித் தலைவர்களிடம் நபியவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழரான அப்துல்லாஹ் பின் உம்மி மக்தூம் (ரலி) கல்வி நாடி வந்தார். செல்வாக்குள்ளோர் இஸ்லாத்துக்கு வந்தால் நன்மை விளையும் என்ற தூய நோக்கம்தான் அங்கே இருந்தது. ஆயினும் அந்த முகச்சுளிப்பை அல்லாஹ் கண்டித்தான். மறுமை நாள்வரை ஓதப்படும் வசனங்களாகவும் ஆக்கினான். பார்வையற்றவர் அந்த முகச்சுளிப்பைக் கண்டிருக்கவே முடியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர் காணாத ஒன்றுக்கே அவ்வளவு கண்டிப்பு என்றால், கண் உள்ளவர் கண்டு கூனிக் குறுகும்படி நடத்துவோர் என்ன விடை சொல்வார்கள்?

இந்த மண்ணில் செருப்பின் வரலாறு

காலணியால் மனிதனைத் தரம் பிரிக்கும் கொடுமையை இந்த மண் நன்கு அறியும். ஆங்கிலேயர் ஆட்சியில் அது எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. அரசுச் சபைகளுக்கு நாட்டுச் செருப்பு அணிந்து வரும் இந்தியர் அதைக் கழற்றிவிட்டு உள்ளே செல்ல வேண்டும். ஐரோப்பிய முறைப்படி பூட்ஸும் காலுறையும் அணியும் இந்தியருக்கு மட்டும், 1854இல் டல்ஹௌசி பிரபு காலத்தில் வங்காளத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. அதே மனிதன், அதே நிறம், அதே நாடு. காலணியை மாற்றினால் மரியாதை கிடைக்கும் என்று அன்று ஆட்சியாளன் சொன்னான். இன்று நம் முகாம்களில் அதையே முன்னேற்றத்துக்கான வழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் தமிழகத்தில் இதனினும் கொடியது நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்கச் சாதியினரின் தெருக்களில் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல கிராமங்களில் இருந்தது. தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடும் மண்ணில் வெறுங்காலுடன் நடந்தார்கள். ஊராருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்த மக்களே தாம் தைத்த செருப்பை அணிந்து நடக்க முடியாத நிலை அது.

இந்த இழிவிலிருந்து விடுதலை தேடியவர்களில் பலர் வந்தடைந்த வாசல் பள்ளிவாசலின் வாசல். 1981ஆம் ஆண்டு தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. பணத்துக்காக மாறினார்கள் என்று ஏசியவர்களுக்கு அம்மக்கள் சொன்ன விடை, மனிதராக மதிக்கப்பட விரும்பினோம் என்பதே. ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் ஒரு சமுதாயத்தை நம்பி அவர்கள் வந்தார்கள்.

பள்ளிவாசலுக்குள் அந்த நம்பிக்கை இன்றும் பொய்க்கவில்லை. செருப்பு வைக்கும் அலமாரியைப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் ஷூவும் நூற்றைம்பது ரூபாய்ச் செருப்பும் அருகருகே கிடக்கின்றன. உள்ளே ஸஃபில் நிற்பவை வெறும் பாதங்கள். முத்தவல்லியின் பாதத்துக்கு அருகில் கூலித் தொழிலாளியின் பாதம். ஆனால் தொழுகை முடிந்து செருப்பை மாட்டியவுடன் ஸஃபும் கலைந்துவிடுகிறது. உள்ளே தோளோடு தோள் உரசியவர், வெளியே வந்ததும் ஸலாமுக்குப் பதில்கூட அரைகுறையாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். ஐந்து நிமிடச் சமத்துவத்துக்காகவா இந்த மார்க்கம் வந்தது?

ஜகாத் வாசலில் நிகழும் அநீதி

காலணியைப் பார்த்து ஆளை அளக்கும் பழக்கம் ஏழையை அவமதிப்பதோடு நிற்பதில்லை. அவனுக்கு உரிய பங்கையும் பறித்துவிடுகிறது.

ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பாருங்கள். பதினைந்து ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்தவர். வேலை போயிற்று, ஊர் திரும்பினார். சேமிப்பு மகளின் திருமணத்தோடு கரைந்தது. வீட்டில் அடுப்பு எரியாத நாட்களும் உண்டு. நல்ல காலத்தில் வாங்கிய தோல் ஷூ ஒன்று மட்டும் மிச்சம். ஜும்ஆவுக்கு அதைத் துடைத்து அணிந்து வருகிறார். ரமளானில் பைத்துல்மால் பட்டியல் தயாராகிறது. ‘அவருக்கென்ன, ஷூ போட்டு டிப்டாப்பாகத்தானே வருகிறார்’ என்று ஒரு குரல். பெயர் அடிபட்டுப் போகிறது.

அல்லாஹ் இவரைப் பற்றித்தான் 2ஆம் அத்தியாயத்தின் 273ஆம் வசனத்தில் பேசுகிறான். அவர்களின் தன்மானத்தைக் கண்டு, அறியாதவன் அவர்களைச் செல்வந்தர் என்று எண்ணிக்கொள்வான் என்கிறான். தோற்றத்தை வைத்துத் தீர்ப்பளிப்பவனை அந்த வசனம் ‘அறியாதவன்’ என்று குறிப்பிடுவதைக் கவனியுங்கள். ஒரு கவளம், இரு கவளம் உணவுக்காக வீடுவீடாகச் சுற்றுபவரைக் காட்டிலும், தேவைக்குப் போதியது இல்லாதிருந்தும் பிறர் கண்டறிந்து தர்மம் செய்யும்படி வெளிக்காட்டிக்கொள்ளாமலும், எவரிடமும் கேட்காமலும் இருப்பவரே உண்மையான மிஸ்கீன் என்று நபியவர்களும் விளக்கினார்கள்.

ஆக, ஒரே அளவுகோல் இரு பக்கமும் வெட்டுகிறது. கிழிந்த செருப்புடன் வருபவர் மதிப்பை இழக்கிறார். நல்ல ஷூவுடன் வரும் ஏழை உதவியை இழக்கிறார். ஜகாத் நாம் போடும் பிச்சையன்று, அவர்களுடைய உரிமை. ஒரு மனிதரின் உரிமையைக் காலைப் பார்த்து மறுத்தவர்கள் அதற்கான கணக்கை எங்கே கொடுப்பார்கள்?

தைத்த கைகளுக்கு என்ன மரியாதை?

ஷூவுக்கு இவ்வளவு மரியாதை தருவோர், அதைச் செய்தவருக்கு என்ன தருகிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். பாலாற்றுப் படுகையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடப்படும் தோலும் தைக்கப்படும் ஷூவும் ஐரோப்பியக் கடைவீதிகள்வரை செல்கின்றன. இத்தொழிலில் நம் சமுதாயத்தினர் முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறார்கள். தையல் பிரிவுகளில் குனிந்த தலை நிமிராமல் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள்.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, கழிவுச் சேறு பாய்ந்ததில் 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பிழைப்புத் தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். ஷூவின் பளபளப்பில் தம் முகத்தைக் காண்பவர் அதற்குப் பின்னால் இருக்கும் இந்த முகங்களையும் காண வேண்டாமா? செய்த பொருளுக்கு ஸலாம், செய்தவருக்கு அலட்சியம் என்பது எந்த நீதி?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். செருப்புத் தைப்பதை இழிதொழில் என்று எண்ணும் ஒரு முஸ்லிம், யாருடைய கரங்கள் அதைச் செய்தன என்பதை மறந்துவிட்டார்.

சில மறுப்புகள்

‘உலகம் அப்படித்தானே இருக்கிறது, நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையன் என்ன செய்வான்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலை கொடுப்பவர் எதிர்பார்க்கும் ஒழுங்கில் உடுத்திச் செல்வதில் தவறில்லை. இயன்றவர் தாராளமாக அணியட்டும். ஆனால் அது உலகத்தின் குறைக்கு நாம் செய்யும் ஏற்பாடு என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதையே வாழ்க்கையின் ஞானமாக ஊட்டினால், நாளை அவன் மேசைக்கு மறுபக்கம் அமரும்போது, எதிரில் வருபவனின் காலைத்தான் முதலில் பார்ப்பான். தவணைக்கும் கடன் அட்டைக்கும் வட்டி கட்டி ஷூ வாங்கும் பிள்ளைகளையும் பார்க்கிறோம். மக்களின் கண்ணில் உயர அல்லாஹ் தடுத்த வட்டியில் இறங்குவதை எந்த ஆளுமை வளர்ச்சியில் சேர்ப்பது?

‘தூய்மை ஈமானின் பகுதி அல்லவா?’ என்பார்கள். ஆம். ஆனால் தூய்மைக்கும் விலைக்கும் தொடர்பில்லை. கழுவித் துடைத்த ரப்பர் செருப்பு தூய்மையானதே. தூய்மையைக் காட்டி விலையைக் கேட்பது நேர்மையன்று.

‘மிடுக்காக இருந்தால்தான் மாற்று மதத்தவர் நம்மை மதிப்பார்கள், அது தஅவாவுக்கு நல்லது’ என்பது மற்றொரு வாதம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் பயணித்தபோது, வழியில் நீர்நிலை ஒன்று குறுக்கிட்டது. ஒட்டகத்திலிருந்து இறங்கினார்கள், காலுறைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒட்டகத்தைப் பிடித்தபடி நீரில் நடந்தார்கள். அந்நாட்டு மக்கள் தங்களை இக்கோலத்தில் காண்பதை நான் விரும்பவில்லை என்று தளபதி அபூஉபைதா (ரலி) வருந்தினார்கள். அதற்கு உமர் (ரலி) அவர்கள், இழிந்திருந்த நம்மை அல்லாஹ் இஸ்லாத்தைக் கொண்டு கண்ணியப்படுத்தினான், வேறொன்றில் கண்ணியம் தேடினால் அவன் நம்மை இழிவுபடுத்திவிடுவான் என்ற கருத்தில் விடையளித்தார்கள். உலகின் பெரும் வல்லரசுகளை வென்ற ஆட்சியாளரின் பாதங்கள் அப்போது வெறுமையாக இருந்தன. அவர்களின் கண்ணியம் ஒரு தூசியளவும் குறையவில்லை.

என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியவை எளியவை, மனம்தான் வேண்டும். ஜகாத் பட்டியலைத் தோற்றத்தை வைத்துத் தயாரிக்காமல், நம்பிக்கைக்குரிய இருவர் ஓசையின்றி வீட்டு நிலையை அறிந்து தயாரிக்கட்டும். பரிந்துரைக் கடிதங்களுக்கு ஒரே நடைமுறையும் ஒரே காலவரையும் இருக்கட்டும். வலீமாவில் முக்கியப் பிரமுகர்களுக்குத் தனி வரிசை, மற்றவர்களுக்குப் பொதுப் பந்தி என்ற பிரிவினையைக் கைவிடுவோம். செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் மோசமானது என்ற எச்சரிக்கை நமக்கு உண்டு. மாப்பிள்ளையின் ஷூவை மாப்பிள்ளையே வாங்கட்டும். இயலாவிட்டால் செருப்பணிந்து வரட்டும், நிக்காஹ் செல்லும்.

பெற்றோரே, உங்கள் இல்லத்திலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்கு வரும் உறவினரையும் குப்பை அள்ள வரும் தொழிலாளியையும் ஒரே குரலில் வரவேற்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். சக மாணவனின் கிழிந்த ஷூவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லும் பிள்ளையுடன் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள். அங்கே தொடங்குகிறது அந்த அணுவளவு.

வழிகாட்டி முகாம்களை நடத்துவோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. உங்களுக்கு மரியாதை கிடைக்க என்ன அணிய வேண்டும் என்று சொல்லும் அதே மேடையில், நீங்கள் யாருக்கெல்லாம் மரியாதை கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதையும் சொல்லுங்கள். முதற்பாடத்தைக் கற்பிக்க உலகில் ஆயிரம் பேர் உண்டு. இரண்டாவதைக் கற்பிக்க நம்மை விட்டால் யார்?

ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகை வேளையில் நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களிடம், சொர்க்கத்தில் எனக்கு முன்னே உம்முடைய காலணிகளின் ஓசையைக் கேட்டேனே, நீர் செய்த நற்செயல்களில் மிகவும் நம்பிக்கைக்குரியது எது என்று கேட்டார்கள். எப்போது உளூச் செய்தாலும் எனக்கு விதிக்கப்பட்ட அளவு தொழுதுவிடுவேன் என்றார் பிலால். மக்காவின் தெருக்களில் கயிறு கட்டி இழுக்கப்பட்ட ஓர் அடிமையின் காலணி அது. அதன் தோல் என்ன தரம், விலை என்ன என்று எந்த அறிவிப்பாளரும் நமக்குச் சொல்லி வைக்கவில்லை. அதன் ஓசை மட்டும் சொர்க்கத்தில் கேட்டது.

நம் கால்களை நேர்வழியில் நிலைபெறச் செய்து, பிறர் கால்களைப் பார்த்து மரியாதையை அளக்கும் நோயிலிருந்து நம் கண்களையும் உள்ளங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.